தரம் இட்டவர் பொறுப்பேற்க வேண்டாமா?

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நாம் ஆற்றிய உரை)



கடன் தரமிடும் நிறுவனங்களின் சட்டப் பொறுப்பைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று கேள்வியுற்ற அன்பரொருவர், "வயலில் மடை கட்டுகிறவனுக்கு இது எதற்கு?" என்று எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை எமது அலுவலகத்துக்கு வந்த ஒருவர் கொண்டுவந்தார்.

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். இருமுறை இடம்பெயர்ந்து, மூன்றாம் முறை வெறுங்கையோடு திரும்பி, ஓய்வு பெறுங்கால் கிடைத்த பணிக்கொடையையும் வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பியதையும் சேர்த்து ஒரு நிதிக் கம்பனியில் நிலையான வைப்பாக இட்டிருந்தார். கம்பனியின் பெயர் இங்கு வேண்டாம். வைப்புப் பற்றுச்சீட்டை அவர் ஒரு கடித உறையில் வைத்திருந்தார். அதே உறையில் கம்பனியின் விளம்பரத் துண்டும் பத்திரமாக மடிக்கப்பட்டிருந்தது. அதில் ஆங்கில எழுத்துகள் மூன்று, பக்கத்தில் ஒரு தரமிடல் நிறுவனத்தின் பெயர். வட்டி வீதத்தைக் காட்டிலும் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தவை அவையே. கம்பனி மூடப்பட்டது. காப்புறுதியாகக் கிடைத்தது போக மிகுதி எப்போது வரும் என்று சொல்வாரில்லை.

அவர் கம்பனியைப் பற்றி எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பனியிடம் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு. "தம்பி, இந்த எழுத்தைப் போட்டவனைக் கேட்க ஏலாதா?"

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. பின்னர் தேடிக் கண்டதையே இங்கு கூற வந்தோம்.

தரமிடல் என்பது யாது? ஒருவர் வாங்கிய கடனைத் தவணை தவறாது திருப்பிக் கொடுப்பாரா என்று ஆராய்ந்து, அந்த முடிவை ஓர் எழுத்தாலோ சில எழுத்துகளாலோ சொல்வது. மூன்று 'ஏ' என்றால் உச்சம். 'டி' என்றால் கடன் தவறிவிட்டது. நெல்லை விற்கக் கொண்டு போகும்போது ஈரமானியைக் குத்திப் பார்க்கிறார்கள் அல்லவா? 14 வீதத்துக்கு மேற்படாத ஈரமே நெற் சந்தைப்படுத்தும் சபையின் நியம அளவு. அந்த மானியின் முள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் போகத்தின் விலை நிற்கிறது. அந்த மானியைப் பிடிக்கிறவர் சம்பளத்தை எவரிடம் பெறுகிறார் என்பதைக் கமக்காரன் முதலில் பார்ப்பான். கடன் தரமிடலிலோ, அந்தச் சம்பளத்தைத் தருபவர் தரம் இடப்படும் கம்பனியே.

எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. 1909 ஆம் ஆண்டில் அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகளின் முறிகளுக்கு ஜோன் மூடி தரம் இட்டபோது, அந்தப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர் முதலீட்டாளரே. 1970 களில் முறை மாறியது. தரத்தை வேண்டி நிற்கும் கம்பனியே கட்டணம் கட்டலாயிற்று. வாங்குபவனுக்காக எடை பார்த்த தராசு விற்பவன் கைக்குப் போனது அப்போதுதான்.

நம் நாட்டில் இத்தரமிடலை அரசாங்கமே மக்கள் கையில் கொடுத்திருக்கிறது. நிதிக் கம்பனிகள் தரம் பெறவேண்டும் என்பது மத்திய வங்கியின் பணிப்பு. தரமிடும் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து மேற்பார்வை செய்வது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. ஆகவே அந்த எழுத்து ஒரு தனியார் நிறுவனத்தின் எழுத்தாயினும், அதன் பின்னால் அரசின் நிழல் நிற்கிறது. ஆசிரியர் அந்தத் துண்டை உறையில் வைத்துக் காத்தது பேதைமையால் அன்று.

2009 இன் பின் ஏ-9 வீதியின் இரு மருங்கிலும் எத்தனை நிதிக் கம்பனிகளின் பெயர்ப் பலகைகள் எழுந்தன என்பது உங்களுக்குத் தெரியும். உழவு இயந்திரத்துக்கு லீசிங் தருவோரும் அவர்களே. வைப்பு ஏற்போரும் அவர்களே. தெற்கிலோ இக்கதை பழையது. 2002 இல் பிரமுக்க வங்கி வீழ்ந்தது. 2008 இல் கோல்டன் கீ. 2020 மே மாதத்தில் தி பினான்ஸ் கம்பனியின் உரிமமும், இரு மாதம் கழித்து ஈ.ரி.ஐ. பினான்சின் உரிமமும் இரத்துச் செய்யப்பட்டன. இவை எந்தத் தரத்தைச் சுமந்திருந்தன என்பதைப் பேச நாம் வரவில்லை. வைப்பாளன் நடுத்தெருவில் நிற்பது நம் நாட்டில் நடக்காத காரியமன்று என்பதற்காகவே கூறினோம். வைப்புக் காப்புறுதி 2010 இல் தொடங்கியது. 2021 இல் அதன் உச்சவரம்பு 11 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. ஒரு குடும்பம் நிலையான வைப்பில் இட்ட முழுச் சேமிப்பும் அதற்கு மேற்பட்டதாயின், மேற்பட்ட பகுதிக்கு யார் வாசலில் நிற்பது?

இதுவே வழக்கின் இருப்பிடம். கம்பனியிடம் பணமில்லை. காப்புறுதிக்கு எல்லை உண்டு. மேற்பார்வை அதிகாரிகளுக்கு நல்லெண்ணத்தில் செய்தவை என்னும் சட்டக் கவசம் உண்டு. எஞ்சி நிற்பவர் இருவர்: கணக்காய்வாளரும் தரமிட்டவரும். கணக்காய்வாளரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

தரமிட்டவரைக் கேட்டால் அவர் சொல்லும் விடை உலகெங்கும் ஒன்றே: "இது எமது அபிப்பிராயம். வாங்கு என்றோ விற்காதே என்றோ நாம் கூறவில்லை." அமெரிக்காவில் இவ்விடை நெடுங்காலம் வென்றது. அபிப்பிராயம் கூறும் உரிமை அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாந் திருத்தத்தால் காக்கப்பட்டது. பத்திரிகை ஆசிரியருக்குரிய அதே பாதுகாப்பைத் தமக்கும் கேட்டுப் பெற்றனர். என்ரன் கம்பனி 2001 டிசம்பர் 2 இல் வங்குரோத்து மனுச் செய்தது. அதற்கு நான்கு நாள் முன்புவரை அது முதலீட்டுக்கு உகந்தது என்ற தரத்திலேயே இருந்தது. 2008 செப்டெம்பர் 15 இல் லீமன் பிறதர்ஸ் விழுந்தபோதும் அதன் கையில் 'ஏ' வகைத் தரம் இருந்தது. அதன் பின்னரே அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ஸ்ராண்டர்ட் அன்ட் புவர்ஸ் 2015 இல் 137 கோடி 50 இலட்சம் டொலரும், மூடீஸ் 2017 இல் 86 கோடி 40 இலட்சம் டொலரும் கட்டி இணக்கத்துக்கு வந்தன. பணம் சென்றது மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும். அயல் இந்தியாவிலும் அதுவே கதை. 2018 ஆகஸ்ட் வரை உச்சத் தரத்தில் இருந்த ஐ.எல். அன்ட் எப்.எஸ். நிறுவனம் அடுத்த மாதமே 'டி'க்கு இறங்கியது. தரமிட்டவர்களுக்கு அந்நாட்டு ஆணையம் முதலில் 25 இலட்சமும் பின்னர் ஒரு கோடி ரூபாவும் தண்டம் விதித்தது. தண்டப் பணம் இந்திய அரசின் திரட்டு நிதியைச் சேரும். நட்டப்பட்டவன் வீட்டைச் சேராது. தண்டம் வேறு, நட்டஈடு வேறு. அரசு தண்டம் அறவிட்டதைக் கண்டு "நீதி கிடைத்தது" என்று கைதட்டுவோர் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

நட்டப்பட்டவனே வழக்காடி வென்ற கதை அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அதனைச் சற்று விரித்துக் கூற வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாதர்ஸ்ட் முதலிய 13 உள்ளூராட்சிச் சபைகள். பெரும்பாலும் கோதுமையும் செம்மறியுமாக வாழும் ஊர்கள். நம் பிரதேச சபைகளைப் போல மக்களின் வரிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவை. 2006 இன் இறுதியில் அச்சபைகளுக்கு 'ரெம்பிராண்ட்' என்ற பெயரில் ஒரு முதலீட்டுப் பத்திரம் விற்கப்பட்டது. ஆக்கியது ஏ.பி.என். அம்ரோ வங்கி, சபைகளுக்கு விற்றது ஓர் இடைநிலை நிதி நிறுவனம், தரம் இட்டது ஸ்ராண்டர்ட் அன்ட் புவர்ஸ். தரம் மூன்று 'ஏ'.

அப்பத்திரத்தின் உட்பொருளை எளிமையாகச் சொல்வதானால், பல நூறு கம்பனிகள் கடன் தவறமாட்டா என்று கட்டிய பந்தயம் அது. போட்ட முதலைப் போல் 15 மடங்கு வரை பந்தயம் கட்டலாம். நட்டம் வந்தால் பந்தயத்தைக் கூட்டி, இழந்ததை மீட்க முயலும். சூதாட்டக்காரன் கடைசிக் காணியையும் வைத்து ஆடுவது போன்றது. இதற்குத்தான் அரசாங்க முறிக்கு இடும் தரம் இடப்பட்டது! சந்தை குலைந்த 2008 இல் பத்திரம் பணமாக்கப்பட்டபோது சபைகளுக்கு நூற்றுக்குப் பத்தும் மிஞ்சவில்லை. ஏறக்குறைய 1 கோடி 60 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் போயிற்று.

சபைகள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தன. வழக்குச் செலவைத் தாங்கியது, வெற்றியில் பங்கு என்ற உடன்பாட்டில் பணமிட்ட வேறொரு நிறுவனம். 2012 நவம்பர் 5 இல் சமஷ்டி நீதிமன்றத்தின் நீதிபதி ஜாகொட் அம்மையார் தீர்ப்பளித்தார். தரமிட்டவர் தாமாக ஒரு கணிப்பு முறையை உருவாக்காது வங்கி கொடுத்த முறையையே எடுத்தாண்டனர் என்று அவர் கண்டார். சந்தையின் ஏற்ற இறக்கம் 15 வீதம் என்று வங்கி சொல்ல, அதனைச் சரிபார்க்காமல் ஏற்றனர். உண்மையான அளவோ ஏறக்குறைய அதன் இரு மடங்கு. நியாயமான திறமையுடைய எந்தத் தரமிடுநரும் இப்பத்திரத்துக்கு மூன்று 'ஏ' கொடுத்திரார் என்பதே அவரது முடிவு.

"இது அபிப்பிராயம்" என்ற விடை அங்கும் சொல்லப்பட்டது. நிபுணர் ஒருவர் தம் அபிப்பிராயத்தைக் கூலிக்குக் கூறுவாராயின், அது நியாயமான ஆதாரத்தின் மேல் நியாயமான கவனத்தோடு கூறப்பட்டது என்ற உறுதியும் அதனுள் அடங்கும் என்று நீதிமன்றம் கொண்டது. "இவர்களை எமக்குத் தெரியாது, எமக்குக் கட்டணம் தந்தது வங்கியே" என்ற விடையும் தள்ளுண்டது. பெயர் தெரிய வேண்டியதில்லை. இத்தரத்தை நம்பி இப்பத்திரத்தை வாங்குவோர் என்றொரு கூட்டம் உண்டு என்பதும், தரம் கேட்கப்பட்டதே அவர்களுக்குக் காட்டுவதற்காக என்பதும் தரமிட்டவருக்குத் தெரியும். அந்தச் சிக்கலை அவிழ்த்துப் பார்க்கும் வல்லமை சபைகளுக்கு இல்லை என்பதும் தெரியும். ஆதலால் கவனக் கடப்பாடு பிறந்தது. நட்டம் மூவர் மேலும் சமபங்காகச் சுமத்தப்பட்டது. 2014 ஜூன் 6 இல் மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2013 இல் 35 (அ) என்ற உறுப்புரையைச் சட்டத்தில் சேர்த்தது. வேண்டுமென்றோ பெருங் கவனயீனத்தாலோ ஒரு தரமிடுநர் விதியை மீறி, அதனால் முதலீட்டாளர் நட்டமுற்றால் நட்டஈடு கேட்கலாம். கேட்பவர் தாம் நியாயமான காரணத்தோடு தரத்தை நம்பியதைக் காட்டவேண்டும். சிறு வாசல்தான், எனினும் வாசல்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம்.

தீங்கியலில் நாம் ஆங்கிலேயரைப் பின்பற்றுபவர்கள் அல்லர். உரோமன் டச்சுச் சட்டமே நம் பொதுச் சட்டம். அதில் அக்குவிலியன் வழக்கு என்று ஒன்றுண்டு. தவறான செயலால், கவனயீனத்தால், ஒருவனுடைய பொருளுக்கு நேர்ந்த நட்டத்தை மீட்கும் வழக்கு அது. நம் உயர் நீதிமன்றம் 2001 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த ஒரு வைத்தியக் கவனயீன வழக்கில், மனத்துயருக்கு இதன்கீழ் நட்டஈடு இல்லை என்று கூறிப் பெற்றோரைக் கைவிட்டது. அத்தீர்ப்பை நாம் விரும்பவில்லை. ஆயினும் அதன் மறுபக்கம் நமக்கு உதவும்: பொருள் நட்டமே இவ்வழக்கின் உயிர்நிலை என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆசிரியரின் நட்டம் பொருள் நட்டமன்றி வேறென்ன?

கவனயீனமான வார்த்தையால் விளைந்த வெறும் பண நட்டத்துக்கும் இவ்வழக்கு நீளுமா? அதே உரோமன் டச்சுச் சட்டத்தைக் கொண்ட தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1979 இல், நாத்தால் நிர்வாகத்துக்கும் ட்ரஸ்ட் வங்கிக்கும் இடையிலான வழக்கில், நீளும் என்ற கொள்கையை ஏற்றது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளுள் ஒருவர் சொல்வதை மற்றவர் செவிமடுப்பது வழக்கம். ஆகவே ஆசிரியரின் கேள்விக்கு, கதவு பூட்டப்படவில்லை, ஆனால் துருப்பிடித்திருக்கிறது என்பதே எமது விடை.

அக்கதவைத் தள்ளுமுன் தடைகளையும் சொல்லவேண்டும். சட்டத்தரணியின் கடமை அது.

ஆசிரியர் முதன்முறை வைப்பிட்டபோது இருந்த தரம், அவர் வருடந்தோறும் புதுப்பித்து வந்த காலத்தில் ஒருமுறை இறக்கப்பட்டிருந்தது. இறக்கிய செய்தி ஆங்கிலத்தில் வந்தது. கம்பனியின் கிளையிலோ பழைய துண்டே கண்ணாடிக்குள் இருந்தது. இதில் தரமிட்டவர் தம் கடமையைச் செய்தார், மறைத்தது கம்பனி என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் வலு உண்டு. முதல் தரம் கவனயீனமாக இடப்பட்டதா என்பதை அறியவோ, அவர்களின் கோவையைப் பார்க்க வேண்டும். வழக்குத் தொடுத்த பின்னரே அது இயலும்.

காலமும் நமக்கு எதிரி. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி நட்டத்துக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். காலாவதி என்ற சொல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. காணிக்குப் பத்து வருட ஆட்சி என்ற பேச்சை அறியாத வீடு இங்கில்லை. போரால் நீதிமன்றம் செல்ல இயலாதவர்களுக்கு 2016 இல் விசேட சட்டம் வந்ததும் நினைவிருக்கும். அது காணி போன்ற அசைவற்ற ஆதனத்துக்கு மட்டுமே. வைப்புப் பணத்துக்கு அத்தகைய இரக்கம் இல்லை. கம்பனி என்றாவது திருப்பித் தரும் என்று மூன்று வருடம் பொறுத்திருந்தவன், பொறுத்ததனாலேயே தோற்பான்.

செலவைச் சொல்லவே வேண்டாம். ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவு, ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் நீதிமன்றின் அனுமதியோடு வழக்காட இடந்தருகிறது. அந்த 13 சபைகள் தனித்தனியே நின்றிருந்தால் ஒன்றேனும் தீர்ப்பு வரை சென்றிருக்குமா என்பது ஐயமே.

"தரமிடுபவரை நீதிமன்றத்துக்கு இழுத்தால் அவர்கள் உண்மை பேச அஞ்சுவார்கள்" என்று படித்த நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. 2021 டிசம்பரில் பிட்ச் நிறுவனம் இலங்கையின் தரத்தை 'சி.சி.' நிலைக்கு இறக்கியபோது மத்திய வங்கி அதனை மறுத்து அறிக்கை விட்டது. நான்கு மாதம் செல்லுமுன், 2022 ஏப்ரில் 12 இல், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அன்று உண்மை சொன்னது தரமிட்டவரே, கோபித்தது அதிகாரமே. அத்தகைய வாயை அடைக்கும் சட்டத்தை நாம் கேட்கவில்லை. கணிப்புப் பிழைத்ததற்காக எவரையும் குற்றம் சொல்லோம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது நாம் மழையின்மேல் குறை சொன்னோமா? இரணைமடுவின் அளவுகோலைப் பார்த்திருந்தவர் யார், வான்கதவு எப்போது திறக்கப்பட்டது என்றுதானே கேட்டோம்? அதே கேள்வியையே இங்கும் கேட்கிறோம். அளவுகோலைப் பார்த்தாயா, அல்லது பக்கத்தில் நின்றவன் சொன்ன அடிக்கணக்கை எழுதிக்கொண்டாயா?

ஆகவே நம் பாராளுமன்றப் பிரதிநிதிகள் முன் வைக்க ஒரு வேண்டுகோளை எழுதியிருக்கிறோம். தரமிடும் நிறுவனம் கவனயீனத்தால் விளைவித்த நட்டத்துக்கு, தரத்தை நம்பிய வைப்பாளனே நேரே வழக்காடலாம் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். தரம் மாறினால், வைப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் அவருடைய மொழியில் கம்பனி எழுத்தில் அறிவித்து ஒப்பம் பெறவேண்டும். இரண்டு வருடக் கணக்கு, தரம் தவறாக இடப்பட்டதை வைப்பாளன் அறிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். தரமிடுவதற்கு யார் எவ்வளவு கட்டினார் என்பதையும் தரத்தின் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டிருக்கிறோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆசிரியருக்காக வழக்குத் தொடுப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அவரைப் போன்று அதே காலத்தில், அதே துண்டைக் கண்டு வைப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. வவுனியாவிலும் மாங்குளத்திலும் சிலர் இருப்பதாக அறிகிறோம். உங்கள் வீட்டில் அத்தகைய பற்றுச்சீட்டு இருந்தால், அதனோடு அந்த விளம்பரத் துண்டையும், கம்பனி அனுப்பிய கடிதங்களையும், புதுப்பித்த திகதிகளையும் எடுத்து வாருங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுக்க வேண்டாம், எம்மிடமும் வேண்டாம், பிரதி போதும். வேண்டுகோளில் ஒப்பமிட விரும்புவோருக்காகத் தாள் மண்டப வாயிலில் மேசையின்மேல் இருக்கிறது. சிறுபோகக் கூட்டத்துக்கு மீண்டும் இங்கு வருவோம். அதற்குள் எத்தனை பெயர் சேர்ந்தன என்பதை அன்று சொல்கிறோம்.